மூடிய வீட்டின் தண்ணீர்

மீனுக்கு மூச்சு முட்டினால் அஸ்ஜத்தின் போனுக்குச் செய்தி போகும். அப்படி ஓர் ஏற்பாட்டை அவரே செய்து வைத்திருந்தார். உள்ளங்கை அளவில் ஒரு கம்பியூட்டர் போர்ட், அதிலிருந்து தொட்டிக்குள் இறங்குகிற நாலைந்து வயர், எல்லாவற்றையும் அடக்கி வைக்க எங்கள் மகள் சுல்பாவின் பழைய சாப்பாட்டுப் பெட்டி. தண்ணீர் சூடானால் காற்றாடி சுழலும். தண்ணீர் வற்றினால் பம்ப் ஊற்றும். தண்ணீர் புளித்தால் சின்னக் குழாயொன்று சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விடும். எதுவும் சரிவராவிட்டால் பெட்டி கீச்சென்று கத்தும், அவருடைய போனுக்கும் சொல்லும். எனக்கு மூச்சு முட்டியபோது யாருடைய போனும் அடிக்கவில்லை. தலாக் சொல்லிவிட்டுக் கரைத்தீவில் தன் உம்மா வீட்டில் போய் இருந்த மனுஷன், மீன் கூப்பிட்டதும் ஓடி வந்தார்.

நான் சிபானா. கற்பிட்டியில் களப்புக் கரையோடு போகிற ரோட்டில், படகு எஞ்சின் திருத்துகிற கடைக்கு நேர் எதிரே எங்கள் வீடு. என் வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்தது. அதனால் வீட்டை விட்டுப் போனது அவர். நான் இத்தாவில் உட்கார்ந்தேன். தலாக் ஆன பெண் மூன்றாவது மாதவிலக்கைக் காணும்வரை வீட்டுக்குள்ளேயே காத்திருக்கிற காலம் அது. எனக்குத் துணையாக, அதாவது காவலாக, மூத்தவள் நஃபீஸா ராத்தா புத்தளத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள்.

வந்த அன்றைக்கே ராத்தா ஜன்னல்களை மூடினாள். எஞ்சின் கடையில் நாள் முழுக்க ஆம்பிளைகள். இத்தாவில் இருக்கிற பொம்பிளை அவர்களுடைய கண்ணில் படக் கூடாது. பலகைக் கதவுகளைச் சாத்தி, கொளுக்கி போட்டு, மேலே திரையும் இழுத்தாள். அதுவும் போதாமல், ஜன்னலுக்கு மேலே காற்று வருவதற்கென்று விட்டிருந்த ஓட்டைகளிலும் பழைய துணிகளை அடைத்தாள். கச்சான் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போடுகிற காலம் என்பதால் நானும் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தாலும் அவள் கேட்கிற ஆள் இல்லை.

அஸ்ஜத் முதல் தடவை போன் எடுத்தது ராத்தாவுக்குத்தான். தொட்டியிலிருந்து செய்தி மேல் செய்தியாக வருகிறது, வந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். இத்தாவில் இருக்கும்போது அவர் வரலாமா என்று ராத்தாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உடனே பள்ளி மௌலவிக்கு போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் விட்டாள்.

"அதுக்கென்ன, தாராளமா வரலாம்," என்றார் மௌலவி. "முதல் தலாக் தானே. இத்தா முடியிறதுக்குள்ள, 'நான் இவளத் திரும்ப எடுத்துக்கிட்டன்' எண்டு அவர் ஒரு வசனம் செல்லினாப் போதும். நிக்காஹ் கூடத் தேவல்ல. முடிஞ்ச பொறகெண்டா புதுசா நிக்காஹ் செய்யோணும்."

"முடிஞ்சிட்டா இல்லயா எண்டு ஆரு கணக்குப் பாக்கிறது?" என்று கேட்டாள் ராத்தா.

"பொம்புளட சொல்லுதான் கணக்கு. அது அவக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்."

அந்த ஒரு வசனம்தான் எனக்கு வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகத்தான் காத்திருந்தேன். சாப்பிடும்போதும் தொழும்போதும் அந்த வசனம் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயால் அது எப்படி வரும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கதை அதிகம் இல்லாத மனுஷன் என்பதால் பாதியைத்தான் சொல்லுவார், மீதியை நான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எங்களைப் பிரித்ததும் ஒரு பாதி வசனம்தான். போன வருஷம் எங்கள் மகள் சுல்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு வயது. மழை நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல் என்று பனடோல் கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன். சூடு குறைந்தது, கஞ்சி குடித்தாள், தன் மீனுக்குத் தீன் போட்டாள். பிறகு கால் குளிர்ந்துபோனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். டெங்கு என்றார்கள். அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பிள்ளை மௌத்தாகிவிட்டாள்.

கத்தம் ஓதி முடிந்து சனம் எல்லாம் போன பிறகு, அஸ்ஜத் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு நாளைக்கு முந்திக் கொண்டு போயிருந்தா..." என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லி முடித்திருந்தாலாவது நான் சண்டை பிடித்திருப்பேன். முடிக்காமல் விட்ட கதைக்கு என்ன பதில் சொல்வது? அதன் பிறகு நாங்கள் அடுப்புக் கேஸ் முடிந்ததையும் கரண்ட் பில் வந்ததையும் மட்டும்தான் பேசினோம். பேச்சு குறையக் குறைய அவர் பாலாவி உப்பளத்தில் வேலை நேரத்தைக் கூட்டிக்கொண்டார். அங்கே மோட்டார்களைப் பார்க்கிற எலக்ட்ரீஷியன் அவர். எந்த மோட்டார் நின்றாலும், "எங்கயோ ஒரு எடத்துல பிழை இரிக்கோணும்," என்று சொல்லிக்கொண்டே தேடுவார், கண்டுபிடித்தும் விடுவார். எங்கள் பிள்ளை விஷயத்தில் தேடித் தேடி அவருடைய கை வந்து நின்ற இடம் நான்.

முதல் நாள் அவர் வந்தபோது ராத்தா கதிரையைத் தொட்டிக்கும் எனக்கும் நடுவில் போட்டுப் பொலிஸ்காரி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். நான் அறை வாசலில் நின்றேன். வழமையாக அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். இப்போது என்னவென்று கூப்பிடுவதென்று தெரியவில்லை. அவர் மெலிந்திருந்தார். சேர்ட்டில் ஒரு பொத்தான் இல்லை. அவருடைய உம்மா ஒரு பொத்தான் தைத்துக் கொடுக்க மாட்டாவா என்று எனக்குக் கோபம் வந்தது.

தொட்டியில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மீன். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது. அந்த நிறத்தைப் பார்த்துச் சுல்பா அதற்குத் தோடம்பழம் என்று பேர் வைத்திருந்தாள். அது தண்ணீருக்கு மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து நின்றது. தண்ணீர் பால் கலந்ததுபோல் கலங்கிக் கிடந்தது. பெட்டியின் சின்னத் திரையில் இருந்த இலக்கத்தைக் காட்டி, "தண்ணி புளிச்சிப் போய்க் கெடக்கு. கடல் மீனுக்கு இது எட்டுக்கு மேல நிக்கோணும். இது இறங்கி இறங்கி வருது. இறங்க இறங்க போர்ட் சுண்ணாம்ப ஊத்துது. ஊத்தியும் ஏறல்ல," என்றார் அஸ்ஜத். என்னிடமா ராத்தாவிடமா தொட்டியிடமா சொன்னார் என்று தெரியவில்லை.

வயர் மூட்டுகளில் உப்புப் பூத்திருந்தது. பல் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தேய்த்துத் துடைத்தார். கடல் பக்கத்தில் உப்புப் பூக்காத சாமான் எது? துடைத்து, திரும்பப் பூட்டி, சுண்ணாம்புக் குழாயையும் நிறுத்திவிட்டுப் பார்த்தார். இலக்கம் அசையவில்லை. பாதித் தண்ணீரை மாற்றினார், மீன் கொஞ்சம் தெளிந்தது. "நாளண்டைக்கு வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோடம்பழம் பாவம். அது செத்தால் சுல்பா தொட்டு வளர்த்த கடைசி உயிரும் போய்விடும். ஆனாலும் பிழை சீக்கிரம் அகப்படக் கூடாது, அவர் இன்னும் நாலு தடவை வர வேண்டும் என்று அன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு துஆ கேட்டேன். அந்தப் பெட்டி கத்தும்போதெல்லாம் எனக்குள் ஏதோ துள்ளியது. ராத்தா காதைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சனியன ஒரேயடியா நிப்பாட்ட ஏலாதா?" என்பாள். நான் கேட்காத மாதிரி வெங்காயம் உரிப்பேன்.

அடுத்த தடவை வந்தபோது, தண்ணீரின் புளிப்பை அளக்கிற கண்ணாடிக் குச்சியில்தான் பிழை என்று தீர்மானித்திருந்தார். இரண்டு சின்னப் பைக்கற் தூளைத் தண்ணீரில் கரைத்து, அதில் குச்சியை முக்கி, இலக்கங்களைச் சரிபார்த்தார். எல்லாம் சரியாகத்தான் காட்டியது. அதற்கடுத்த தடவை, அலங்கார மீன் ஏற்றுமதி செய்கிற கூட்டாளி ஒருவரிடம் புதுக் குச்சியொன்றை இரவல் வாங்கி வந்தார். அதுவும் அதே இலக்கத்தைத்தான் காட்டியது. போர்ட்டிலிருந்த கார்ட்டைக் கழற்றித் தன் லெப்டொப்பில் போட்டு, தான் எழுதிய கட்டளைகளை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார்.

படித்துக்கொண்டே, கவனமில்லாமல் சுல்பாவின் சின்னக் கதிரையை இழுத்து அதில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. உட்கார்ந்த பிறகுதான் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. எழும்பவும் இல்லை, அசையவும் இல்லை. ராத்தா குசினிக்குத் தேத்தண்ணி ஊற்றப் போயிருந்தாள்.

"எங்கயோ ஒரு எடத்துல பிழை இரிக்கோணும்," என்றார் மெதுவாக. "இல்லாம இப்பிடி நடக்காது."

"சில நேரம் ஒருத்தர்ட பிழையும் இல்லாமலும் நடக்கும்," என்றேன் நான். அவர் போனதிலிருந்து அவரோடு நான் பேசிய முதல் கதை அதுதான்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சிபா..." என்றார். இதோ வருகிறது என்று நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ராத்தா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். அஸ்ஜத் எழுந்து கோப்பையை வாங்கினார். என் கூடப்பிறந்தவளை அந்த நேரத்தில் எனக்குக் கொல்லலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு கிழமையாக அவர் வரவில்லை. உப்பளத்தில் வேலை கூட என்று ராத்தாவுக்குச் சொன்னார். அவர் சொன்னபடி நானும் ராத்தாவும் நாளுக்கு ஒரு வாளி தண்ணீரை மாற்றி மீனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். எனக்கோ உள்ளுக்குள் பதற்றம். என் உடம்பின் கணக்கு எனக்குத் தெரியும்தானே. ஒவ்வொரு நாள் காலையிலும் பயந்து பயந்து எழும்பினேன்.

அவர் மறுபடியும் வருவதாகச் சொல்லியிருந்த நாள் காலையில் எனக்கு மூன்றாவது மாதவிலக்கு வந்துவிட்டது.

குளியலறையில் நின்று சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். பின்னேரம் வரைக்காவது பொறுத்திருக்கக் கூடாதா? இத்தா முடிந்துவிட்டது. ராத்தாவிடம் சொன்னால் அவள் உடனே மௌலவிக்குச் சொல்லுவாள், அஸ்ஜத்துக்குச் சொல்லுவாள். இனி அவர் எனக்குப் பிற ஆண், வீட்டுக்குள் வர வேண்டாம் என்பாள். புது நிக்காஹ் செய்யலாம்தான். அதற்குப் பெண் பக்கத்துப் பொறுப்பாளியாக ஒரு வலி வேண்டும், சாட்சி வேண்டும், நாலு பேர் கூட வேண்டும். ஒரு வசனத்தையே முழுதாகச் சொல்லி முடிக்காத மனுஷனுடைய மனசு, அதெல்லாம் கூடி வரும்வரை நிற்குமா? நான் ராத்தாவிடம் சொல்லவில்லை. மாதவிலக்கில் தொழுகை இல்லை; நான் தொழாமல் இருப்பதை அவள் கவனிக்கக் கூடாது என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு லுஹர் நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு அஸ்ஜத் வந்தார். கையில் ஒரு வெறும் வாளியும் பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பும் இருந்தன. வேறு சாமான் எதுவும் கொண்டுவரவில்லை. தொட்டியிலிருந்து அரை வாளித் தண்ணீர் அள்ளி, அதைப் பின் முற்றத்துக்குக் கொண்டுபோய் வைத்து, பம்பின் குழாயை உள்ளே விட்டார். தண்ணீர் கொப்புளித்தது. அவர் வாளிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் குச்சியை முக்கிப் பார்த்தவர் சட்டென்று எழும்பினார். வாளியை வீட்டுக்குள் தூக்கிவந்து, அதே பம்பை அதே தண்ணீரில் மறுபடியும் ஓடவிட்டார். மறுபடியும் பார்த்தார். பிறகு சிரித்தார். பிள்ளை மௌத்தான பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சிபா! இங்க வா, வந்து பாரு!"

மறந்து கூப்பிட்டுவிட்டார். நான் ராத்தாவைத் தாண்டிக்கொண்டு ஓடினேன்.

"வெளியில வெச்சா இலக்கம் ஏறுது. உள்ளுக்குக் கொண்டு வந்தா இறங்குது. அதே தண்ணி, அதே குச்சி. பிழை போர்ட்டுல இல்ல, தண்ணியிலயும் இல்ல. காத்துல இரிக்கி." கையை விரித்து அறை முழுவதையும் காட்டினார். "நாங்க விடுற மூச்சு இங்கயே தேங்கிக் கெடக்கு. கேஸ் அடுப்பு, சாம்பிராணி, எல்லாம் உள்ளுக்குள்ளதான். தொட்டியில ஓடுற காத்துப் பம்பும் அந்தக் காத்தத்தான் இழுத்து இழுத்துத் தண்ணிக்குள்ள விடுது. அதுதான் தண்ணி புளிக்கிது. பாவம் இந்த போர்ட், இதுக்கு ஜன்னல் மூடியிருக்கெண்டு எப்பிடித் தெரியும்? தனக்குத் தெரிஞ்ச மருந்தத் தந்துக்கிட்டு இரிந்திருக்கு."

சொல்லிக்கொண்டே போய் ஜன்னல் கொளுக்கியைத் தட்டிவிட்டு இரண்டு பலகைகளையும் தள்ளினார். கச்சான் காற்று உள்ளே பாய்ந்தது. திரை எழும்பி என் முகத்தில் அடித்தது. களப்பு வாடையும் எஞ்சின் எண்ணெய் வாடையும் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் நான் என்னத்தைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தேனோ தெரியாது, நெஞ்சு முழுக்க இழுத்தேன். அவர் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இலக்கம் ஒரு புள்ளி ஏறியது. இன்னொரு புள்ளி ஏறியது. அவருடைய தோள் என் தோளில் பட்டது, அவர் விலகவில்லை. இப்போது சொல்லுவார் என்று நினைத்தேன். இப்போது சொல்லாமல் எப்போது சொல்லுவார்?

"அல்லாஹ்வே, ஜன்னல்!" என்று ராத்தா பாய்ந்து வந்தாள். எதிர்க் கடையில் ஒரு பெடியன் சுத்தியலைத் தூக்கியபடி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ராத்தா ஒரு பலகையை இழுத்துச் சாத்தினாள். மற்றதில் அஸ்ஜத்தின் கை இருந்தது.

"தொறந்தே இரிக்கோணும் ராத்தா. இல்லாட்டி மீன் சாகும்."

"இத்தாவில எப்பிடித் தம்பி தொறந்து வைக்கிறது?" என்றாள் ராத்தா. பிறகு அவளுடைய குரல் மாறியது. வாழ்நாள் முழுக்க அதட்டியே பேசியவள், அன்றைக்கு மட்டும் தணிந்து பேசினாள். "தொறக்கோணுமெண்டா ஒரு வழி இரிக்கி. ஒங்களுக்குத் தெரியாத வழியில்ல. ஒரு வசனம். நான் குசினிக்குப் போறன், வேணுமெண்டா."

அவளைக் கொல்ல நினைத்ததற்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னபடியே குசினிக்குப் போனாள். போய்ப் பீங்கான்களைச் சத்தமாகக் கழுவவும் தொடங்கினாள்.

அஸ்ஜத் ஜன்னல் பலகையைப் பிடித்தபடி நின்றார். காற்று அவருடைய சேர்ட்டை உப்பவைத்தது. பொத்தான் இன்னும் தைக்கவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பலகையை மெதுவாக இழுத்துச் சாத்திக் கொளுக்கியைப் போட்டார்.

"முன் கடையில ட்ரில் மெஷின் இரிக்கும். கேட்டு எடுத்துட்டு வாறன்," என்றார்.

சுவரில் ஓட்டை போடுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. நான் காதைப் பொத்தவில்லை. தொட்டிக்குப் பின்னால், என் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதன் ஒரு நுனியைத் தொட்டியின் காற்றுப் பம்பில் பூட்டினார். மற்ற நுனி வெளியே களப்பைப் பார்த்து நின்றது. மண் போகாமலிருக்க அதில் ஒரு துண்டுப் பஞ்சும் வலைத்துணியும் சுற்றினார். பம்ப் இனி வெளிக்காற்றை இழுக்கும். ஜன்னல் மூடியே இருக்கலாம். யோசித்துப் பார்த்தால் நல்ல வேலைதான். அவர் செய்கிற வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

வேலை முடிந்ததும் ஒரு காரியம் செய்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த வீட்டில் எத்தனையோ ஆணி அடித்திருக்கிறார், ஓட்டை போட்டிருக்கிறார். தூசியை ஒருநாளும் கூட்டியதில்லை. "கூட்டுறதுக்கு ஆள் இரிக்கிதானே," என்று பகிடி விடுவார், நான் விளக்குமாற்றோடு பின்னால் திட்டிக்கொண்டு திரிவேன். அன்றைக்கு அவரே விளக்குமாற்றைத் தேடி எடுத்தார். சிமெந்துத் தூளைக் கூட்டி அள்ளி, ஈரத்துணியால் நிலத்தைத் துடைத்து, துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். அடுத்தவர் வீட்டில் கூலிக்கு வந்த மனுஷன் போல எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்.

அவர் வாளியைத் தூக்கினார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் பைத்தியமாகிவிடுவேன் என்று தோன்றியது.

"மச்சான்," என்றேன். "ஜன்னலத் தொறக்க ஏலாதா?"

நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியது. வாளியைக் கீழே வைத்தார். கண் சிவந்திருந்தது.

"குழாய் போதும் சிபா."

"ஏன்?"

"ஒன்ட பிழை இல்ல. நான் அண்டைக்குச் செல்லினது அநியாயம். ஒரு நாள் முந்திக் கொண்டு போயிருந்தாலும் அவ போயிருப்பா, டொக்டர்ட நான் போய்க் கேட்டன். அவரும் அப்பிடித்தான் செல்லினார். எனக்குத் தெரியும்." அவருடைய குரல் உடைந்தது. "தெரிஞ்சும் ஏலாது. இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்சா அவட செருப்பத்தான் தேடுறன். ஒன்ட முகத்தப் பாத்தா அந்த ஆஸ்பத்திரி வாங்குல நீ குந்தியிருந்த இருப்புத்தான் கண்ணுக்குள்ள வருது. பிழை இரிந்தாத்தானே நான் திருத்துற? ஒண்டுமில்ல. நான் என்னத்தப் புள்ள திருத்த?"

இத்தனை மாதமாக அவர் என்னைக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நம்பினேன். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி நடந்தேன். குற்றம் என்று ஒன்று இருந்தால் ஒருநாள் மன்னிப்பும் வரும் என்று காத்திருந்தேன். அவர் எப்போதோ என்னை மன்னித்துவிட்டிருக்கிறார். மன்னித்தும் வர முடியாதாம். அதற்கு மேல் நான் எந்தக் கதவைத் தட்டுவது?

அவர் ராத்தாவுக்கு ஸலாம் சொன்னார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். "கார்ட்டில போன் நம்பர மாத்தியிருக்கன், இனிச் செய்தி ஒனக்குத்தான் வரும்," என்று என்னிடம் சொன்னார். ட்ரில் மெஷினைத் திருப்பிக் கொடுக்க எதிர்க் கடைக்குப் போகிற சத்தம் கேட்டது. பிறகு மோட்டார்சைக்கிள் கிளம்புகிற சத்தமும் கேட்டது. மூடிய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

இலக்கம் எட்டைத் தாண்டியிருந்தது. தோடம்பழம் மேலிருந்து இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோல் கல்லுக்குப் பக்கத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில் அந்த மீனைப் பார்க்க எனக்கு வெறுப்பாக இருந்தது. என் பிள்ளை வளர்த்த மீனை நான் வெறுத்தேன். பிறகு தீன் டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை போட்டேன், அது வந்து சாப்பிட்டது.

ராத்தா ஈரக் கையோடு குசினியிலிருந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "இன்னும் நாள் இரிக்கிதானே," என்றாள். "மனசு மாறும். நான் அவர்ட உம்மாவோட கதைக்கிறன்."

"இல்ல ராத்தா. முடிஞ்சிட்டு."

"எப்ப?"

"காலையில."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "காலையிலயா? அவர் வர முந்தியே? அப்ப..." விரலால் வாயைப் பொத்தினாள். "அவர் செல்லியிருந்தா? செல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப நீ?"

"இன்னும் முடியல்லெண்டு செல்லியிருப்பன்," என்றேன். "ஒங்களுக்கிட்ட, மௌலவிக்கிட்ட, ஆரு கேட்டாலும். சாகும்வரைக்கும் செல்லியிருப்பன் ராத்தா."

அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று சொல்லி என்னை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ திரும்பிப் போய்க் கொளுக்கியைத் தட்டிவிட்டு ஜன்னலை அகலத் திறந்தாள். அடுத்த ஜன்னலையும் திறந்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, மேல் ஓட்டைகளில் அடைத்த துணிகளை அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள்.